ஆயில் ரிப்போர்ட்டில் உலோகம் ஏறினால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக

விமான எஞ்சினின் ஆயிலை மாற்றும்போது கொஞ்சம் லேபுக்கு அனுப்பினால், அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வரும், அதில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும், அடுத்த நிமிடமே போன்: "சார், அயர்ன் ஏறிடுச்சு, எஞ்சினை இறக்கணுமா?" பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ரிப்போர்ட் சுத்தமாக வந்த பிறகும் விமானத்தைத் தரையில் நிறுத்திவைக்க வேண்டிய நிலைமையும் உண்டு. எது எந்த நிலைமை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 போன்றவற்றில் இருக்கும் நாலு சிலிண்டர் லைக்கமிங் எஞ்சின்களை (ஓ-320, ஓ-360, ஐஓ-360) வைத்து எழுதுகிறேன். கான்டினென்டலுக்கும் பெரும்பகுதி பொருந்தும், மாறும் இடத்தில் சொல்கிறேன்.

## எந்த உலோகமாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை இது.

ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது? 25 மணி நேரத்தில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) இரும்பும், 50 மணி நேரத்தில் 60 பிபிஎம் இரும்பும் கிட்டத்தட்ட ஒரே தேய்மானம்தான். ஆயில் மணி நேரத்தால் வகுத்து, போன ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். நடுவில் எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) 6, 7 குவார்ட்தான் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) இருக்கும், அதில் 4 குவார்ட் புது ஆயில் சேர்ந்திருந்தால் உலோகம் நீர்த்துப்போய் எண் குறைவாகத் தெரியும். ஆயில் குடிக்கும் எஞ்சினின் ரிப்போர்ட் நல்லபிள்ளை மாதிரி வருவது இதனால்தான்.

சாம்பிள் எப்படி எடுத்தார்கள்? எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடிகால் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, நடுவில் வரும் ஆயிலை நேராக லேப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் சம்ப் அடி அழுக்கு வரும். வடித்த பக்கெட்டிலிருந்து மொண்டு எடுத்த சாம்பிளாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், அந்தப் பக்கெட்டில் அதற்கு முன் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

போன ரிப்போர்ட்டுக்குப் பிறகு சிலிண்டர் மாற்றினீர்களா, ஆயில் பிராண்டு மாறியதா, விமானம் வாரக்கணக்கில் நின்றதா? மூன்றுமே எண்ணை நகர்த்தும்.

அடுத்தது ஃபில்டர். இதை விட்டுவிட்டு ரிப்போர்ட்டை மட்டும் படிப்பதில் அர்த்தமே இல்லை. லேபின் ஸ்பெக்ட்ரோமீட்டர் சுமார் 5 முதல் 10 மைக்ரான் வரைக்குமான துகள்களைத்தான் பார்க்கும். அதைவிடப் பெரிய துண்டு எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கண் தெரியாது. பெரியதைப் பிடிப்பது ஃபில்டர். ஆகவே பழைய ஃபில்டரை அதற்கென்றே உள்ள கட்டரால் வெட்டுங்கள். ஹேக்ஸா வேண்டாம், அதன் பொடியே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். மடிப்புக் காகிதத்தை இரண்டு ஓரத்திலும் கத்தியால் அறுத்து எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கருப்பு மசியாகத் தெரிவது, சாய்க்கும்போது மின்னும். அப்புறம் காகிதத்தைச் சுத்தமான சால்வென்டில் அலசி, அந்த சால்வென்டைக் காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் அலுமினியம், மஞ்சளாக மின்னுவது வெண்கலம். சக்ஷன் ஸ்கிரீனையும் (சம்ப்பிலிருந்து ஆயிலை இழுக்கும் வாயில் உள்ள வலை) கழற்றிப் பாருங்கள், பெரிய துண்டுகள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

## அறிகுறி: எல்லா உலோகமும் சேர்ந்து ஏறியிருக்கிறது

உடைந்த ஒரு பாகம் எல்லா உலோகத்தையும் ஒரே அளவில் ஏற்றாது. எல்லாம் ஏறினால் காரணம் பொதுவானது.

ஆயிலை அதிக நேரம் ஓட்டியது. ஃபுல்-ஃப்ளோ ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரம், வெறும் ஸ்கிரீன் மட்டும் உள்ளதற்கு 25 மணி நேரம், எதுவானாலும் நாலு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று லைக்கமிங் சர்வீஸ் புல்லட்டின் 480 சொல்கிறது. நாலு மாதக் கெடுவைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

புது சிலிண்டர், அல்லது புது எஞ்சின். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் பதியும் வரை இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்து ஏறும், அடுத்த இரண்டு மூன்று ஆயில் மாற்றத்தில் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை.

மண். சிலிக்கானும் கூடவே ஏறியிருந்தால் கீழே சிலிக்கான் பகுதிக்குப் போங்கள்.

இந்த மூன்றும் இல்லையென்றால் ஆயிலை மாற்றி, 25 மணி நேரத்தில் மறு சாம்பிள்.

## அறிகுறி: இரும்பு மட்டும் ஏறியிருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. இரும்பு எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்: சிலிண்டர் சுவர், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு), டாப்பெட் (கேமின் மேல் உட்கார்ந்து வால்வு பக்கம் தள்ளும் பாகம்), கியர், கிராங்க்ஷாஃப்ட். அதனால் அவசரமாக எதையும் கழற்றவும் கூடாது, அலட்சியமாக விடவும் கூடாது.

### விமானம் நின்றிருந்ததா?

நின்றிருந்தால் முதல் சந்தேகம் துரு. ஐப்பசி கார்த்திகை மழையில் நிறுத்திவைத்த விமானம், தையில் பறக்க ஆரம்பித்த பிறகு கொடுக்கும் முதல் ரிப்போர்ட்டில் இரும்பு எகிறுவதைக் கடலோர ஊர் ஹேங்கரில் வேலை பார்க்கும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு பிடித்து, ரிங் அதை வழித்து ஆயிலுக்குள் விடுகிறது.

சோதனை: மேல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப் (சிலிண்டருக்குள் நுழைக்கும் சின்னக் கேமரா) விட்டுப் பாருங்கள். சுவரில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா, ஹோனிங் கோடுகள் (சிலிண்டர் செய்யும்போது சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள்) இன்னும் தெரிகின்றனவா? லேசான துருவானால் ஆயிலை மாற்றி, ஒழுங்காகப் பறந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் இறங்கிவிடும். ஒழுங்காக என்றால், மாதம் ஒருமுறையாவது ஆயில் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (74 முதல் 93 செல்சியஸ்) இருக்கும்படி, தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் பறப்பது. தரையில் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது உதவாது. ஆயில் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால், எரிதலில் பிறக்கும் தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி இன்னும் துருவைக் கூட்டும். விமானத்தை நேசித்துச் செய்யும் இந்த ஒரு பழக்கம்தான் பல எஞ்சின்களைக் கெடுக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.

### ஒழுங்காகப் பறந்தும் ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் ஏறுகிறதா?

அப்படியானால் கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும். லைக்கமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது, எஞ்சினை அணைத்ததும் ஆயில் வழிந்து கேம் காய்ந்துபோகும், துரு அங்கே முதலில் குழி போடும், குழி விழுந்த டாப்பெட் முகம் செதில் செதிலாக உதிரும். கான்டினென்டலில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் காந்தம். ஃபில்டரில் காந்தத்தில் ஒட்டும் செதில்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு எச்சரிக்கை: டாப்பெட் உதிர்வு பல நேரம் செதிலாகவே வரும், ஸ்பெக்ட்ரோமீட்டர் அதைப் பார்க்காது. ரிப்போர்ட்டில் இரும்பு லேசாகத்தான் ஏறியிருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள்.

அடுத்து வால்வு லிஃப்ட். ராக்கர் கவரைத் திறந்து, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். இது மலிவான சோதனை, ஏனோ பலர் செய்வதில்லை. நாலு சிலிண்டர் லைக்கமிங்கில் எதிரெதிர் சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகள் இரண்டுக்கும் ஒரே கேம் லோப் (கேமில் வால்வைத் திறக்கும் மேடு), அந்த லோப் இரட்டை வேலை பார்ப்பதால் முதலில் தேயும். ஆகவே 1, 2 இரண்டிலும் இன்டேக் லிஃப்ட் சேர்ந்தே குறைந்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். அளக்கும் முன் டாப்பெட்டுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் பிளஞ்சரில் ஆயில் இல்லாமல் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு நிலையாக நிற்காது.

கடைசியாகத்தான் சிலிண்டரை இறக்கி கேமைக் கண்ணால் பார்ப்பது. கான்டினென்டலில் டாப்பெட்டை வெளியிலிருந்தே உருவிப் பார்க்கலாம். பழைய லைக்கமிங்கின் தட்டை டாப்பெட்டை எஞ்சின் கேஸை (கிராங்க்ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள உடல்) பிளக்காமல் எடுக்க முடியாது.

ஆளைக் கூப்பிடும் இடம்: செதில் + குறைந்த லிஃப்ட் இரண்டும் சேர்ந்தால் இது ஓவர்ஹால் ஷாப் வேலை. கேஸைப் பிளந்தாக வேண்டும்.

பழைய செஸ்னா 172 என் வகையில் இருக்கும் ஓ-320-எச்2ஏடி எஞ்சினானால் ஒரு விஷயம் கூடுதலாக: கேம், டாப்பெட் தேய்மானத்துக்குப் பேர்போன எஞ்சின் அது. எல்டபிள்யூ-16702 என்ற லைக்கமிங் சேர்க்கையோ, அது ஏற்கெனவே கலந்த ஆயிலோ கட்டாயம். ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் வரியைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லையென்றால் யாரோ சேர்க்கை இல்லாத ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

## அறிகுறி: இரும்பும் குரோமியமும் ஜோடியாக

சாதாரண ஸ்டீல் சிலிண்டருக்கு குரோம் ரிங் போடுவார்கள், குரோம் பூசிய சிலிண்டருக்கு வார்ப்பிரும்பு ரிங். எதுவானாலும் இந்த ஜோடி சேர்ந்து ஏறினால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசித் தேய்கின்றன.

சோதனை சுலபம். ஒரு குவார்ட் ஆயில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று லாக்கில் பாருங்கள், அது குறைந்துகொண்டே வருகிறதா? பிறகு 80 பிஎஸ்ஐ-யில் டிஃபரன்ஷியல் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. புரொப்பெல்லரை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க, சுற்றுவட்டத்தில் வேறு யாரும் நிற்காமல் செய்யுங்கள். கேஜ் காட்டும் எண்ணைவிடக் காற்று எங்கே போகிறது என்பது முக்கியம். ஆயில் ஊற்றும் வாயில் காது வைத்து உஸ்ஸென்று கேட்டால் ரிங், சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே வரும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வு. எண் குறைந்தால் ஒருமுறை பறந்து வந்து சூட்டோடு மறுபடி செய்யுங்கள், ரிங் இடைவெளிகள் ஒரே கோட்டில் நின்றிருந்தாலும் குறையும்.

ஒரே ஒரு சிலிண்டர் மோசம் என்றால் அந்த ஒன்றை மட்டும் இறக்கினால் போதும். யாராவது "எதுக்கும் நாலையும் மாத்திடலாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள்.

## அறிகுறி: அலுமினியம் தனியாக ஏறியிருக்கிறது

பிஸ்டன் என்று எல்லாரும் சொல்வார்கள். லைக்கமிங்கில் நான் முதலில் நினைப்பது பிஸ்டன் பின் பிளக்கை. பின்னின் இரண்டு முனையிலும் அது சிலிண்டர் சுவரில் உரசாமல் இருக்க ஒரு அலுமினியக் குமிழ் இருக்கிறது, அது சில எஞ்சின்களில் சீக்கிரம் தேயும். ஃபில்டரில் காந்தத்தில் ஒட்டாத மெல்லிய வெள்ளித் தகடுகள் கிடைக்கும், கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கும், எஞ்சினும் சத்தமில்லாமல் ஓடும். இதற்கென்றே லைக்கமிங் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1492 இருக்கிறது, அதன்படி சோதியுங்கள். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த சிலிண்டரை மட்டும் இறக்கிப் பிளக்கை மாற்றலாம்.

பிளக் இல்லையென்றால் பிஸ்டன் ஸ்கர்ட் உரசல். போரோஸ்கோப்பில் சுவரில் மேலும் கீழுமாகச் செங்குத்துக் கோடுகள் தெரியும். கூடவே சிலிண்டர் தலைச் சூடு அதிகமாக ஓடியதா, டெட்டனேஷன் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது) அடித்ததா என்று எஞ்சின் மானிட்டர் பதிவைப் பாருங்கள். பிஸ்டன் தலை அரிக்கப்பட்டதுபோல் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், அடுத்த பறப்பு கிடையாது.

## அறிகுறி: தாமிரம் ஏறியிருக்கிறது

இங்கே நிதானம் வேண்டாம், வேகம் வேண்டும்.

தாமிரம் வெண்கலப் புஷ்களிலிருந்து (அசையும் பாகம் உரசும் துளைக்குள் செருகிய உறை) வருகிறது: கனெக்டிங் ராடின் சின்ன முனைப் புஷ், ராக்கர் புஷ், சில எஞ்சின்களில் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்). கூடவே தகரமும் ஏறினால் பேரிங்கையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஃபில்டரில் மஞ்சள் மினுக்கு இல்லை, எண் மட்டும் மெல்ல ஏறுகிறது என்றால் ராக்கர் கவரைத் திறந்து ராக்கர் ஆட்டம் பாருங்கள், செலவில்லாதது அதுதான். கீழே நிக்கல் பகுதியில் சொல்லும் வால்வு சோதனையும் செய்யுங்கள். 25 மணி நேரத்தில் மறு சாம்பிள்.

ஃபில்டரில் வெண்கலத் துகள் கண்ணுக்கே தெரிகிறது என்றால் கதை வேறு. லைக்கமிங்கின் ஒரு காலகட்டத்துச் சின்ன முனைப் புஷ்கள் இடம் நகர்ந்து ராடே முறியும் அபாயம் இருந்ததால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2017-இல் ஒரு ஏ.டி. (கட்டாயம் செய்ய வேண்டிய பாதுகாப்பு உத்தரவு) போட்டது. 2024-இல் இன்னொரு ஏ.டி. வந்தது, ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரிலும் ஸ்கிரீனிலும் வெண்கலத் துகளைத் தேட வேண்டும், கிடைத்தால் ராட் புஷ்களைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் எஞ்சின் அதில் வருகிறதா என்று மாடலையும் வரிசை எண்ணையும் வைத்துப் பாருங்கள். வராவிட்டாலும், வெண்கலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பறக்காதீர்கள். இதை ஏ.எம்.இ.யிடம் (உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்) ஒப்படைத்துவிடுங்கள், விமானம் நிற்கட்டும்.

## அறிகுறி: நிக்கல் ஏறியிருக்கிறது

நிக்கல் பூசிய சிலிண்டர் போட்டிருந்தால் அதிலிருந்து வரலாம், லாக் புத்தகத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வும் கைடும்.

பைலட்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்து, சூடானதும் சரியாகிவிடுகிறதா? ஆம் என்றால் வால்வு கைடில் கரி சேர்ந்து ஒட்டுகிறது, அது முழுதாக ஒட்டிக்கொண்டால் புஷ்ராட் வளையும். போரோஸ்கோப்பில் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பாருங்கள். படிவின் நிறம் நடுவிலிருந்து வட்டமாகச் சீராக இருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெந்த மாதிரி நிறம் மாறியிருந்தால் அந்த வால்வு சரியாக உட்காரவில்லை, கசியும் சூடு அந்த ஓரத்தை எரிக்கிறது. கைடு தேய்மானத்தை அளக்க லைக்கமிங் சர்வீஸ் புல்லட்டின் 388-இல் சொல்லும் வாபிள் டெஸ்ட் (கைடுக்குள் வால்வு எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பது) இருக்கிறது. வெந்த ஓரம் தெரிந்தாலோ, வாபிள் அளவு மீறினாலோ சிலிண்டர் இறங்க வேண்டும்.

## அறிகுறி: சிலிக்கான் ஏறியிருக்கிறது

சிலிக்கான் தேய்மான உலோகமில்லை, ஆனால் மற்ற எல்லாத் தேய்மானத்துக்கும் அப்பன்.

சமீபத்தில் சிலிண்டரோ கவரோ கழற்றி மாட்டினீர்களா? சிலிக்கோன் சீலன்டிலிருந்து வரும், மற்ற உலோகம் அசையாமல் இருக்கும், அடுத்த மாற்றத்தில் தானாக இறங்கும்.

இரும்பும் குரோமியமும் கூடவே ஏறினால் மண். ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஃபில்டர் உட்காரும் விளிம்பில் விரலை ஓட்டுங்கள், ஃபில்டருக்கு உள் பக்கத்தில் செம்மண் மாவு விரலில் ஒட்டினால் காற்று ஃபில்டரைச் சுற்றிப் போகிறது. கார்புரேட்டர் ஹீட் கதவோ (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்புவது) ஆல்டர்நேட் ஏர் கதவோ (மாற்று வழியில் காற்று விடுவது) முழுதாக மூடுகிறதா, இன்டேக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பைலட்டுகளிடமும் சொல்லுங்கள்: கார்ப் ஹீட் இழுத்தால் ஃபில்டர் இல்லாத காற்றுதான் உள்ளே போகும், தூசி பறக்கும் டாக்ஸிவேயில் சோதித்த உடனே தள்ளிவிட வேண்டும்.

## அறிகுறி: ஈயம் ஆயிரக்கணக்கில்

100 எல்எல் (ஈயம் கலந்த விமானப் பெட்ரோல்) போட்டு ஓட்டினால் அது பெட்ரோலில் இருந்து வரும் ஈயம். கவலை வேண்டாம். ஈயமில்லாத பெட்ரோலில் மட்டுமே ஓடும் எஞ்சினாக இருந்தால் மட்டும் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி: ரிப்போர்ட் சுத்தம், ஃபில்டர் மின்னுகிறது

ஃபில்டரை நம்புங்கள்.

லேபில் "நார்மல்" என்று வந்த தாளைக் காட்டி விமானத்தை விடச் சொல்லும் முதலாளிகள் உண்டு, அந்த இடத்தில் ஏ.எம்.இ. உறுதியாக நிற்க வேண்டும். உடைந்து விழும் பாகம் பெரிய துண்டாகத்தான் விழும், லேப் இயந்திரம் அதைப் பார்க்கவே பார்க்காது.

எவ்வளவு கிடைத்தால் என்ன செய்வது என்று புல்லட்டின் 480-இல் படிப்படியாக இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மோட்டாமோட்டியாகச் சொன்னால்: 1.6 மி.மீ.க்குள் சில துணுக்குகள் என்றால் அடுத்த மாற்றத்தில் மறுபடி பார்க்கலாம். பத்து இருபது துணுக்கு என்றால் 25 மணி நேரத்தில் பாருங்கள். அதற்கும் மேலே என்றால் ஆயிலை மாற்றி, தரையில் ஓட்டி, மறுபடி ஃபில்டர் வெட்டிப் பார்த்த பிறகுதான் பறப்பு. உடைந்த பென்சில் முனை அளவுத் துண்டு ஒன்று கிடைத்தாலும் விமானம் நிற்க வேண்டும், சக்ஷன் ஸ்கிரீனும் சம்ப்பும் பார்த்தாக வேண்டும். அரை டீஸ்பூன் உலோகம் சேர்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் இறங்கும்.

## ஷாப்புக்கு அனுப்பும் நிலை வந்தால்

வெட்டிய ஃபில்டர் காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். துகளைச் சிறு டப்பாவில் போட்டு, தேதி, எஞ்சின் மணி, ஆயில் மணி எழுதி ஒட்டுங்கள். உலோகத்தின் கலவையைத் தனியாகச் சோதித்து எந்த அலாய் என்று சொல்லும் லேப்கள் உண்டு, அது தெரிந்தால் பாகம் பாதி கண்டுபிடித்த மாதிரி. பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம், கம்ப்ரஷன் எண்கள், போரோஸ்கோப் படங்கள், லிஃப்ட் அளவு எழுதிய தாள், இவை எல்லாம் டப்பாவோடு சேர்ந்தே போகட்டும். பேரிங் பக்கம் சந்தேகம் இருந்தால் புரொப்பெல்லர் கவர்னரையும் ஆயில் கூலரையும் சேர்த்து அனுப்புங்கள், துகள் அவற்றுக்குள் தங்கியிருந்து புது எஞ்சினுக்குள் திரும்பி வரும். கூலரை உள்ளே கழுவிச் சுத்தமாக்கிவிட்டோம் என்று ஷாப் எழுத்தில் தராவிட்டால் புதுக் கூலர் கேளுங்கள்.